மூட்டைப் பிடித்து நிற்கும் சிமெண்ட்டில் நானோவுக்கு என்ன வேலை?

முழங்கால் மூட்டை மாற்றவேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எழும் கேள்விகள் தெரிந்தவைதான். எந்தக் கம்பெனி மூட்டு, எத்தனை வருஷம் தாங்கும், என்ன செலவாகும், தரையில் உட்கார முடியுமா. அந்த உலோக மூட்டை எலும்போடு பிடித்து நிறுத்துவது எது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான முழங்கால் அறுவைகளில் அந்த வேலையைச் செய்வது ஓர் அக்ரிலிக் பிளாஸ்டிக். டாக்டர்கள் போன் சிமெண்ட் என்பார்கள். நாம் எலும்பு சிமெண்ட் என்று வைத்துக்கொள்வோம். எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் கனத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த அடுக்கு தளர்ந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மூட்டும் தளர்ந்துவிடும்.

இந்தச் சிமெண்ட்டில் கார்பன் நானோகுழாய், கிராபீன், வெள்ளி நானோத்துகள் என்று ஏதாவது ஒன்றைத் துளியளவு கலந்து மேம்படுத்தும் ஆய்வு இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. தண்ணீர் ஃபில்டர் முதல் முகப்பூச்சு வரை எல்லாவற்றின் மேலும் ‘நானோ’ என்று அச்சடிக்கும் காலம் இது. ஆகவே, இதில் எது விஷயம், எது விளம்பரம் என்று பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் சிமெண்ட் எப்படித் தயாராகிறது என்று ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்ப் பார்ப்போம். ஒரு பாக்கெட்டில் 40 கிராம் தூள், ஒரு கண்ணாடிக் குப்பியில் 20 மில்லி திரவம். இதுதான் வழக்கமான அளவு. தூளில் இருப்பவை பாலிமெதில் மெதாக்ரிலேட் என்னும் பிளாஸ்டிக்கின் நுண்மணிகள். கூடவே, வினையைத் தொடக்கிவைக்க பென்சாயில் பெராக்சைடு. எக்ஸ்ரேயில் சிமெண்ட் கண்ணுக்குத் தெரிவதற்காக பேரியம் சல்ஃபேட் அல்லது சிர்கோனியம் டை ஆக்சைடு. திரவம், அதே பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான மெதில் மெதாக்ரிலேட் மோனமர். குப்பியை உடைத்ததும் மூக்கில் ஏறும் நெடி, பல் செட் செய்யும் லேபில் வருகிற அதே நெடிதான். இரண்டு இடத்திலும் பொருள் ஒன்றே.

தூளும் திரவமும் சேர்ந்த நொடியிலிருந்து நேரம் எண்ணப்படும். கலவை முதலில் கூழாக ஓடும், பிறகு நூல் நூலாக இழுபடும், பிறகு ஒரு கட்டத்தில் கையுறையில் ஒட்டாமல் உருட்ட வரும். அந்தப் பதத்தில் எலும்பின் மேல் வைத்து அழுத்த வேண்டும். மிஞ்சிய சிமெண்ட்டில் ஒரு துண்டை உருட்டி ஓரமாக வைத்துக்கொள்வார்கள். அது சூடேறி, தட்டினால் ‘டக்’ என்று சத்தம் வரும்வரை சர்ஜன் மூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பார். எல்லாம் சேர்த்து கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சிமெண்ட் எலும்போடு ரசாயன முறையில் ஒட்டுவதில்லை. எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து இறுகிக் கவ்விக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் செய்முறை அறுபது ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அதற்கு முன்பும் முயற்சிகள் உண்டு. 1890 வாக்கில் பெர்லினில் தெமிஸ்டோக்ளீஸ் குளுக் என்ற சர்ஜன் யானைத் தந்தத்தில் மூட்டு செய்து, மரப்பிசின், நுரைக்கல் தூள், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்த கலவையால் அதை நிறுத்திப் பார்த்தார். தொற்று வந்து கெடுத்தது. இன்றைய சிமெண்ட்டை நிலைநாட்டியவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. பல் மருத்துவப் பொருள்களில் வல்லுநரான டென்னிஸ் ஸ்மித்தின் யோசனைப்படி, 1958இல் அக்ரிலிக் சிமெண்ட்டை இடுப்பு மூட்டில் பயன்படுத்தத் தொடங்கினார். ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் வளர்த்தெடுத்த முறைதான் உலகெங்கும் பரவியது. அவர் சாமர்த்தியத்தைவிட அவர் பொறுமை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். இறந்தபின் மூட்டை ஆய்வுக்குத் தரும்படி அவர்களிடமே கேட்டு ஒப்புதலும் வாங்கினார். சிமெண்ட் உடலுக்குள் எப்படி இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது.

நன்றாகவே இருந்தது. அப்படியானால் இதில் திருத்த என்ன இருக்கிறது? மூன்று குறைகள் உண்டு: விரிசல், சூடு, தொற்று. முதலாவதைப் பற்றித்தான் அதிகம் பேசவேண்டும்.

எலும்பு சிமெண்ட்டின் தரத்துக்கென்றே ஐ.எஸ்.ஓ. 5833 என்ற சர்வதேச வரையறை இருக்கிறது. இறுகிய சிமெண்ட் குறைந்தது 70 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கவேண்டும் என்கிறது அது. ஒரு சதுர சென்டிமீட்டரில் 700 கிலோவுக்கு மேல் ஏற்றுவதற்குச் சமம். நல்ல சிமெண்ட் எதுவும் இதைச் சுலபமாகத் தாண்டும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மூட்டு மாற்றிக்கொண்ட ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் பத்து லட்சம் தடவை அந்தக் காலை ஊன்றுகிறார். ஒவ்வொரு தடவையும் சிமெண்ட் அமுங்கி மீள்கிறது, சில இடங்களில் இழுபடுகிறது. அழுத்தத்தைத் தாங்கும் இந்தப் பொருள் இழுவிசையில் பலவீனமானது. ஒரே ஒரு பெரிய சுமையில் உடையாதது, சிறு சுமை கோடி முறை வந்தால் உடையலாம். பொறியாளர்கள் இதைக் களைப்பு முறிவு என்பார்கள்.

விரிசல் எங்கே தொடங்குகிறது? கலக்கும்போது மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழியில் தொடங்கும். அதற்காகத்தான் இப்போது பல மருத்துவமனைகளில் வெற்றிடத்தில் வைத்துக் கலக்குகிறார்கள். இன்னொரு தொடக்கப்புள்ளி, எக்ஸ்ரேக்காகச் சேர்த்த அந்த பேரியம் சல்ஃபேட். அது பிளாஸ்டிக்கோடு சேராத ஒரு தாதுத்தூள். துகள்கள் ஒன்றோடொன்று கூடித் திரண்டு கட்டியாகும்; அந்தக் கட்டிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே பிடிப்பே இருக்காது. இடுப்பு, முழங்கால் சிமெண்ட்டில் எடையில் சுமார் பத்து சதவீதம் இது இருக்கும். முதுகெலும்பு முறிவுகளில் ஊசி வழியே செலுத்தும் சிமெண்ட்டில் முப்பது சதவீதம்வரை போடுவதுண்டு. அங்கே சிமெண்ட் நரம்புப் பக்கம் கசிகிறதா என்று டாக்டர் திரையில் பார்த்துக்கொண்டே செலுத்தவேண்டியிருப்பதால் நன்றாகத் தெரிந்தாக வேண்டும். பார்வைக்காகச் சேர்த்ததே பலவீனத்துக்கும் வழி செய்கிறது.

இங்கேதான் நானோ உள்ளே வருகிறது. முதல் யோசனை மிக எளிமையானது: புதிதாக எதையும் சேர்க்கவேண்டாம், இருக்கிற பேரியம் சல்ஃபேட்டையே இன்னும் பொடியாக்குவோம். பாஸ்டனில் பிரிகம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையின் ஆய்வுக்குழு ஒன்று அப்படிச் செய்து 2008இல் முடிவை வெளியிட்டது. சுமார் 100 நானோமீட்டர் அளவிலான துகள்களைப் போட்டபோது, இழுத்தால் உடைவதற்குமுன் சிமெண்ட் கூடுதலாக நீண்டது. உடைக்கத் தேவையான ஆற்றலும் நன்றாகக் கூடியது. ஏற்கெனவே உடலுக்குள் பல்லாண்டு புழங்கிய பொருள், அளவு மட்டும் வேறு. இருக்கும் வழிகளில் நம்பிக்கை தரக்கூடியது இதுதான் என்பது என் கணிப்பு. ஆனால் செய்திகளில் இடம்பிடிப்பது கார்பன்தான்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மைக்ரோமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பத்து நானோமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக வெட்டினால் பத்து லட்சம் துண்டுகள் கிடைக்கும். பொருளின் எடை அதேதான். ஆனால் மொத்தப் பரப்பளவு நூறு மடங்காகிவிடும். பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு நூறு மடங்கு என்றால், அரைக்கால் சதவீதம் கலந்தாலும் பலன் தெரியும். அதே பரப்புதான் தொல்லையும் தரும். நானோத்துகள்கள் தனித்தனியே நிற்க விரும்பாமல் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். திரண்டுவிட்டால் நானோ என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும். சிமெண்ட்டுக்குள் இன்னொரு கட்டி, இன்னொரு விரிசல் தொடங்குமிடம்.

கார்பன் நானோகுழாய்கள் செய்யும் வேலை வேறு வகை. தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத, ஆனால் மிக நீளமான குழாய்கள் இவை. மண் சுவருக்குக் குழைக்கும் சேற்றில் வைக்கோலைப் போட்டு மிதிப்பார்களே, அந்த வேலைதான். வைக்கோல் வெடிப்பின் இரு கரையையும் இழுத்துப் பிடித்துக்கொள்வதால் வெடிப்பு மேலே ஓடாது. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் 2006, 2007 ஆண்டுகளில் வந்த ஆய்வுகளில், பல சுவர் கொண்ட நானோகுழாய்களை எடையில் 2 சதவீதம் சேர்த்தபோது சிமெண்ட்டின் சாதாரண வலு கொஞ்சம்தான் கூடியது. களைப்பைத் தாங்கும் ஆயுளோ பெரிதும் கூடியது. நமக்கு வேண்டியதும் அதுதான். நானோகுழாயை மேலும் மேலும் கொட்டினால் பலனும் கூடிக்கொண்டே போகவில்லை.

வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகக் குழு இன்னும் குறைந்த அளவுக்குப் போனது. நானோகுழாயின் மேற்பரப்பில் கார்பாக்சில் தொகுதிகளை ஏற்றினார்கள். அப்படி ஏற்றினால் குழாய்கள் திரளாமல் பிளாஸ்டிக்கோடு நன்றாகக் கலக்கின்றன. ஒரு சதவீதத்துக்கும் கீழான அளவிலேயே பலன் கிடைத்தது. குழாயை எந்தப் பக்கம் கலப்பது, தூளிலா திரவத்திலா, அல்ட்ராசவுண்ட் கொடுத்துப் பிரிக்கவேண்டுமா என்பதெல்லாம் முடிவை மாற்றியது. இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து பிரிக்கும் துகள், தியேட்டரில் அரை நிமிடக் கலக்கலில் அதேபோல் பரவவேண்டும். பரவாவிட்டால் கட்டுரையில் வந்த எண் நோயாளியின் காலில் வராது.

கிராபீன் ஆக்சைடு குழாயாக இல்லாமல் ஓர் அணு கனமுள்ள தகடாக இருக்கிறது. கால் சதவீதம், அதற்கும் குறைவாகப் போட்டபோது விரிசல் தகட்டில் மோதித் திசைமாறி வளைந்து வளைந்து போகிறது. ஆகவே மெதுவாகப் போகிறது. அதற்குமேல் போட்டால் கட்டிதான். இன்னொரு சிக்கலும் உண்டு. சிமெண்ட் இறுகுவதே பெராக்சைடிலிருந்து பிறக்கும் தனி உறுப்புகள் என்னும் துடிப்பான மூலக்கூறுகளால்தான். கார்பன் பரப்பு அவற்றைப் பிடித்து விழுங்கிவிடுகிறது. விளைவாக, சிமெண்ட் இறுக நேரமெடுக்கும்; இறுகாத மோனமர் மிஞ்சலாம். மிஞ்சிய மோனமர் செல்களுக்கு நல்லதல்ல. ஒன்றைச் சரிசெய்யப் போனால் இன்னொன்று ஆடும். சிமெண்ட் ஆய்வு முழுக்க இந்தக் கதைதான்.

இதே தாமதத்தை நன்மையாகவும் பார்க்கிறார்கள். மோனமர் பிளாஸ்டிக்காக மாறும்போது வெப்பம் வெளிப்படும். ஆய்வுக்கூட அச்சில் வார்த்தால் 70, 80 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 90 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பது ஐ.எஸ்.ஓ. வரையறை. உடலுக்குள் அடுக்கு மெல்லியது, ரத்த ஓட்டமும் உலோகமும் சூட்டை இழுத்துவிடும், ஆகவே அவ்வளவு ஏறாது. இருந்தாலும், எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிப்பு தொடங்கும் என்று 1983இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் முயல்களில் காட்டினார்கள். நானோகுழாய் வினையை மெதுவாக்கி, வெப்பத்தைக் கடத்திப் பரப்பி, உச்ச வெப்பநிலையைக் கீழே இறக்குகிறது.

நல்ல செய்திதானே என்று தோன்றும். இந்த இடத்தில் போன்லாக் என்ற பெயரை எலும்பு டாக்டர்களிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் அறிமுகமான சிமெண்ட் அது. மோனமரின் கலவையை மாற்றி, குறைந்த சூட்டில் இறுகும்படியும் உடலுக்குள் மோனமர் குறைவாகக் கசியும்படியும் செய்திருந்தார்கள். அதில் நானோ எதுவும் கிடையாது. காகிதத்தில் பார்த்தால் பழைய சிமெண்ட்டைவிட எல்லா வகையிலும் மேல். நோயாளிகளின் உடலிலோ மூட்டுகள் சில ஆண்டுகளுக்குள்ளேயே தளரத் தொடங்கின. அதைக் கண்டுபிடித்தது எந்த ஆய்வுக்கூடமும் அல்ல. 1987இல் நார்வே தொடங்கிய மூட்டு மாற்றுப் பதிவேடுதான். யாருக்கு எந்த மூட்டு, எந்தச் சிமெண்ட், மறு அறுவை எப்போது என்று நாடு முழுவதும் எழுதி வைத்த கணக்கில், போன்லாக் போட்டவர்கள் மட்டும் அதிகமாகத் திரும்பி வந்தது பளிச்சென்று தெரிந்தது. 1995இல் அது சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குள் பலர் இரண்டாவது அறுவைக்குப் படுக்கவேண்டியதாகிவிட்டது. சூடு குறைந்தது என்ற ஒரே எண்ணை வைத்து எந்தச் சிமெண்ட்டையும் மெச்சக்கூடாது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம்.

மூன்றாவது குறை தொற்று. மாற்று மூட்டில் கிருமி புகுந்தால் அது உலோகத்தின் மேலும் சிமெண்ட்டின் மேலும் ஒரு படலமாகப் படிந்துகொள்ளும். பிறகு வாய்வழி மருந்தோ ஊசியோ அங்கே சரியாக எட்டாது. பெரும்பாலும் மூட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும். ஹாம்பர்கைச் சேர்ந்த புக்ஹோல்ட்ஸ் என்ற சர்ஜன் இதற்கு ஒரு வழி கண்டார்: ஆண்டிபயாட்டிக்கைச் சிமெண்ட்டிலேயே கலந்துவிடுவது. 1970இல் வெளியான அந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 40 கிராம் தூளுக்கு அரை கிராம் ஜென்டாமைசின் என்பது பரவலாகக் கிடைக்கும் ஒரு கலவை. சூட்டைத் தாங்கும் மருந்து என்பதால் ஜென்டாமைசின் இதற்குப் பொருந்துகிறது. குறை என்னவென்றால், பிளாஸ்டிக்குக்குள் புதைந்த மருந்தில் பெரும்பகுதி வெளியே வருவதே இல்லை. மேற்பரப்பில் இருப்பது முதல் சில நாளில் கரைந்துவிடும். மொத்தத்தில் பத்து சதவீதம்கூட வருவதில்லை என்பதே பொதுவான அனுபவம். சரி, மருந்தைக் கூட்டுவோம் என்றால் சிமெண்ட்டின் வலு குறைகிறது.

இங்கே நானோவின் பங்கு உண்மையிலேயே புத்திசாலித்தனமானது. நுண்துளைகள் நிறைந்த சிலிக்கா நானோத்துகள்களுக்குள் மருந்தை ஏற்றிச் சிமெண்ட்டில் கலக்கிறார்கள். துளைகள் ஒன்றோடொன்று இணைந்து, மருந்து வெளியேற ஒரு வழிப்பின்னலாக அமைகின்றன. சிங்கப்பூரில் 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஜென்டாமைசின் வாரக்கணக்கில் தொடர்ந்து வெளிவந்தது. சாதாரணச் சிமெண்ட்டைவிடப் பல மடங்கு கூடுதலாகவும் வந்தது. களிமண் வகையான ஹாலோய்சைட்டின் இயற்கை நானோகுழாய்களையும் இதே வேலைக்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

ஆண்டிபயாட்டிக்குக்கே அடங்காத கிருமிகளுக்கு வெள்ளியை முயன்றார்கள். 2004இல் ஜெர்மன் குழு ஒன்று வெள்ளி நானோத்துகளை ஒரு சதவீதம் கலந்து சோதித்தது. மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகள்கூட வளரவில்லை. மனிதச் செல்களுக்குத் தீங்கும் தென்படவில்லை. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2009இல் நெதர்லாந்தில் இதையே முயலின் எலும்பில் செய்தபோது கதை தலைகீழானது. வெள்ளிச் சிமெண்ட் தொற்றைத் தடுக்கவில்லை. பழைய ஜென்டாமைசின் சிமெண்ட் தடுத்தது. கண்ணாடித் தட்டில் இல்லாத ஒன்று உடலில் இருக்கிறது: ரத்தம். அதிலுள்ள புரதமும் குளோரைடும் வெள்ளி அயனியைப் பிடித்து முடக்கக்கூடியவை. வெள்ளித் துகளின் மேற்பரப்பை மாற்றி மறுபடி முயல்கிறார்கள்; ஆய்வு நிற்கவில்லை. இருந்தாலும் ‘நானோ வெள்ளி கிருமியைக் கொல்லும்’ என்று எங்கே படித்தாலும் அது தட்டிலா, உடலிலா என்று நான் முதலில் தேடுவேன்.

இன்னும் பதில் வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. சிமெண்ட் தேயும், பல ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிரவும் செய்யும். சாதாரணச் சிமெண்ட் பொடியே மூட்டைச் சுற்றி அழற்சியை உண்டாக்கி எலும்பை அரிக்கவல்லது. அந்தப் பொடியில் நானோகுழாயும் இருந்தால் என்ன ஆகும்? சில வகை நீண்ட, விறைப்பான நானோகுழாய்கள் விலங்குகளின் நுரையீரல் உறையில் கல்நாரைப்போலத் தீங்கு செய்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. எலும்பின் நடுவே பிளாஸ்டிக்கில் சிறைப்பட்ட குழாய் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இருபது ஆண்டு உடலுக்குள் இருக்கப்போகும் பொருளுக்கு இரண்டு வாரச் செல் சோதனை போதாது.

அதனால்தான், இத்தனை ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பிறகும், கார்பன் நானோகுழாயோ கிராபீனோ கலந்த சிமெண்ட் வழக்கமான மூட்டு அறுவைக்குள் நுழையவில்லை. இதை ஆய்வாளர்களின் தோல்வி என்று பார்ப்பது தவறு. பழைய சிமெண்ட் முக்கால்வாசிப் பேருக்கு மோசமாக இருந்திருந்தால் புதியது எப்போதோ வந்திருக்கும். அது பெரும்பாலோருக்குப் பதினைந்து இருபது ஆண்டு நன்றாகவே தாங்குகிறது. அதை வெல்லவேண்டுமென்றால் அதைவிட நீண்ட கணக்கைக் காட்டியாக வேண்டும். முதலில் வரப்போவது எது என்று என்னைக் கேட்டால், நானோ அளவில் பொடித்த பேரியம் சல்ஃபேட்டும் மருந்து ஏற்றிய சிலிக்காவும் கார்பனை முந்திக்கொள்ளும் என்பேன். அவற்றின் வேதிப்பொருள் உடலுக்குப் புதிதல்ல.

உங்களுக்கோ வீட்டுப் பெரியவர்களுக்கோ மூட்டு மாற்று அறுவை இருந்தால், டாக்டரிடம் சிமெண்ட்டைப் பற்றியும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தச் சிமெண்ட், அதில் ஆண்டிபயாட்டிக் உண்டா. ஏதாவது ஆண்டிபயாட்டிக் ஒத்துக்கொள்ளாது என்றால் அதை அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் சிமெண்ட்டின் பெயரையும் எழுதித் தரச் சொல்லி வாங்கி, கோப்பில் வையுங்கள். பின்னால் மறு அறுவை வந்தால் உதவும். யாராவது நானோ சிமெண்ட் என்று சொல்லிக் கூடுதல் தொகை கேட்டால், மனிதர்களுக்குப் போட்டு எத்தனை ஆண்டு பார்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பத்தாண்டுக் கணக்கு காட்ட முடியாத சிமெண்ட்டுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கவேண்டாம்.